தொட்டி எண் நான்கு

சகுபர் பெயிண்ட் வாளியில் கொண்டுவந்தான்.
நண்டு வலையில் ஏறியதாம்.
"கையால தொடலக்கா, இடுக்கிதான்."
தொண்டியிலிருந்து காரைக்குடி வரை
பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு
யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறான்.

கூம்பு நத்தை. நடுவிரல் நீளம்.
ஓடு முழுக்கப் பொன்பழுப்பு முக்கோணங்கள்,
நிறுத்தத் தெரியாத யாரோ
போட்டுக்கொண்டே போனதுபோல்.
பவளப் பாறைக்கு அடியில்
பகலெல்லாம் மணலுக்குள் கிடக்கும் உயிர்.
இங்கே அதற்கு ஒரு சாண் மணல்,
காற்றுக் குமிழி,
வெள்ளிதோறும் கேனில் வரும் கடல்.

மீன் போட்டோம். திரும்பியும் பார்க்கவில்லை.
நத்தையைத்தான் தின்கிறது.

ராத்திரி மின்சாரம் போன நேரம்
கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
மணலுக்கு மேல் ஒரு குழல் எழுந்து
தண்ணீரை முகர்ந்தது.
பின்னால் இன்னொன்று, மெல்லியது, அவசரமில்லாதது.
ஊசி பாய்ந்ததை நான் பார்க்கவில்லை,
கண் இமைத்திருப்பேன்.
எதிரே இருந்த நத்தை
தன் கதவை மூட மறந்து
வெளியே தொங்கியது.
விடிந்தபோது ஓடு மட்டும்,
கழுவிக் கவிழ்த்த கிண்ணம்.
குறிப்பேட்டில்: உணவு, ஒன்று. நேரம், 2.40.

கோட்டையூரில் என் வாடகை அறைச் சுவர்
சிப்பிச் சுண்ணாம்பு.
மே மாதத்திலும் கன்னத்துக்குக் குளிர்கிறது.
கடலே இல்லாத ஊர் என்று
வந்த அன்று அம்மாவிடம் போனில் சொன்னேன்.
எத்தனை ஓடு வெந்த வழவழப்பு இது.
அதில் எத்தனை
சூளைக்கு வருமுன்பே
இப்படி ஒரு ராத்திரியில்
காலியானவை?

சுவரில் சாய்ந்தபடி
சகுபருக்குச் செய்தி அனுப்பினேன்:
இன்னும் ஆறு நத்தை வேண்டும்.
உயிரோடு.