மிதவைக் கிண்ணத்தில் மிச்சம்

மார்கழி பாதி போயாச்சு.
கூடுதுறையில் தண்ணி வடிந்து
படிக்கட்டுப் பாசி காய்கிறது.
இனி ஆனி வரைக்கும் வேலை இல்லை.
ரப்பர் படகைத் துடைத்துப் பவுடர் தூவிச் சுருட்டி
பரண்மேல் ஏற்றியாகிவிட்டது.
மோட்டார் மட்டும் பாக்கி.

தீயணைப்பு நிலையத்தின் பின்பக்கம்
நீல டிரம்மில் தண்ணி நிறைத்து
விளிம்பில் மாட்டுகிறேன்.
இருபத்தஞ்சு குதிரை,
ஒரு டிரம்முக்குள் நின்றுகொண்டு
எங்கேயும் போகாமல் ஓடுகிறது.

"ஏனுங், டேங்கைக் காலி பண்ணீட்டா பத்தாதுங்களா?"
டிரைவர் அத்தப்பன், வண்டி கழுவிக்கொண்டே.
பதில் சொல்லவில்லை.
போன வருசம் நானும்
அதையேதான் நினைத்தேன்.

குழாயின் கொக்கியைக் கழற்றுகிறேன்.
பெட்ரோல் நின்றது தெரியாமல் ஓடுகிறது.
ஒரு நிமிஷம். ஒன்றரை.
தீரப் போகும்போதுதான் சத்தம் ஏறும்,
கடைசி பஸ்ஸைக் கண்டவன்போல
திடீரென்று ஓர் அவசரம்.
அப்போது அதன் வாயில் எண்ணெய் பீய்ச்ச வேண்டும்.
வெள்ளைப் புகை வேப்பமரத்தை மூட
எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்துகிறாள்.
நின்றுவிட்டது.

நின்ற பிறகும் இருக்கும்.
கார்ப்பரேட்டருக்கு அடியில் மிதவைக் கிண்ணம்,
அதற்கும் அடியில் ஒரு பித்தளைத் திருகு.
போன தையில் அதைத் திறக்கவில்லை.
அந்தியூரில் மச்சினன் வீட்டுச் சீர்,
நாலரை பஸ்.
இரண்டு மூடி பெட்ரோல்
ஆறு மாசம் அங்கேயே கிடந்து கெட்டு
கருப்பட்டிப் பாகாய்ப் பிசுபிசுத்து
ஊசித்துளையை அடைத்துக்கொண்டது.

மேட்டூர் நிரம்பி வழிந்த ஆடி.
ஆற்றோரத் தெருவில் ஓட்டுக்கூரைமேல் ஒரு ஆள்,
மெஸ் சமையல்காரர் மாரண்ணன்.
நாற்பது அடி இருக்கும்போது இருமியது,
நின்றது.
கயிற்றை இழுத்தேன். இழுத்தேன்.
அத்தப்பன் துடுப்புப் போட்டார்.
படகு முன்னால் போனதைவிடப் பக்கவாட்டில் போனது அதிகம்.
பதினோரு நிமிஷம்.
ஓடுகள் ஒவ்வொன்றாய்ச் சரிந்துகொண்டிருந்தன.
அவர் கத்தவில்லை,
எங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அறிக்கையில் இயந்திரக் கோளாறு என்று எழுதினேன்.
கையெழுத்து அழகாய் விழுந்திருந்தது.

இப்போது வியாழன்தோறும் வருகிறார்,
தூக்குப்போசியில் அரிசிம்பருப்புச் சாதம்.
"நீங்க இல்லீனா நான் இல்லீங்க."
மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.
உப்பு, நெய், எல்லாம்
சரியாகவே இருக்கும்.

திருகைத் திறந்து
ஊறுகாய் பாட்டிலில் பிடிக்கிறேன்.
சொட்டி முடிக்க நேரமாகிறது.
வெயிலில் தூக்கிப் பார்த்தால்
அடியில் உருண்டையாய் ஒரு துளி தண்ணி,
பெட்ரோலோடு சேராமல்
முழித்துக்கொண்டிருக்கிறது.

வடிகட்டியை உதறி
பிளக் இரண்டையும் எடுத்து எண்ணெய் விட்டு
கயிற்றை மெதுவாய் இரண்டு இழுப்பு.
டேங்கில் இருந்தது கையடக்கப் பம்புக்குப் போயாச்சு,
அதற்கு ஓய்வேது,
குப்பைமேட்டுத் தீ வாரத்தில் மூன்று நாள்.
கிழிந்த ஜமக்காளத்தால் போர்த்தி
அட்டையில் எழுதிக் கட்டுகிறேன்:
தேதி. கிண்ணம் வடித்தது. பெயர்.
இதை யாரும் கேட்கவில்லை.

நாளை வியாழன்.
சொல்லலாமா?
சொன்னால் சாதம் வராது என்பதல்ல.
வந்தால்
என்ன செய்வது.

அத்தப்பன் டீ ஊற்றிக் கூப்பிடுகிறார்.
எழும்போது பார்க்கிறேன்,
உள்ளங்கையில் ஒரு வாஷர்,
செம்பு, குழந்தை மோதிரத்தைவிடச் சின்னது.
எங்கே இருந்தது இது?

டீ ஆறட்டும்.
ஜமக்காளத்தை விலக்குகிறேன்.