தூணுக்குப் பின்னால்

காலை ஆறரை. இன்னும் விடியவில்லை;
பத்து மணிவரை விடியப்போவதும் இல்லை.
கல்லறைத் தோட்டத்தில் நேற்றிரவு ஏற்றிய மெழுகுவர்த்திகள்
பனிக்குள் அரையடி இறங்கி
அங்கிருந்தபடியே எரிகின்றன.
தௌனோ என் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.
வழுக்கும் என்று காரணம் சொல்கிறார்.

முப்பத்தொரு கிறிஸ்துமஸ்
பக்கவாட்டுக் கதவு வழியே நுழைந்தவள் நான்.
முன்வாசலில் ஒரு படி உடைந்திருப்பது
இன்றுதான் தெரிந்தது காலுக்கு.

"எங்கே உட்காரலாம்?"
"வழக்கமான இடத்தில்."
யாருடைய வழக்கம்?
இடப்பக்கம், ஏழாவது பெஞ்சு.
எதிரே கருங்கல் தூண்,
இரண்டு பேர் கைகோத்தாலும் அடங்காத பருமன்.

ஆர்கன் தொடங்கியது. சில்வி இன்னும்
மூன்றாம் வரியில் அவசரப்படுகிறாள்.
அதை இத்தனை வருஷம்
என் தப்பென்று நினைத்திருந்தேன்.

அந்த மைக்கை இரண்டு முறை தட்ட வேண்டும்.
புதிய போதகர் ஓனாவிடம் சொல்ல மறந்துவிட்டேன்.
கொர்ரென்றது.
கோயில் பணியாள் ரைமோ கதவோரம் நின்று
என்னைப் பார்த்தான்,
நான் எழுந்து ஏதோ செய்வேன் என்பதுபோல்.
பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டேன்.

குடிமதிப்பு எழுத ஊர் திரும்பிய தச்சன்,
நிறைமாதக்காரிக்குக் கிடைக்காத அறை.
ஓனா வாசிக்க வாசிக்க
என் உதடுகள் அரைச்சொல் முந்திப் போகின்றன.
கடித்து நிறுத்தினேன்.
அறை இல்லை என்று சொன்னவனும்
அன்றிரவு தூங்கியிருக்க மாட்டானோ?
குறிப்பெடுக்கப் பென்சில் தேடிய கையை
மடிமேல் திரும்ப வைத்தேன்.

ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம்
தொண்டை என்றேன். டாக்டர் சீட்டும் இருந்தது.
பாதி உண்மை.
மீதியைத் தௌனோவிடம்கூடச் சொல்லவில்லை:
மார்ச்சில், ஏரியின் உறைபனி உடைந்து
உள்ளே போன பையனின் பெட்டியருகே
நான் பேசிய நாலு நிமிஷம்
யாரோ வாசிக்கும் வானிலை அறிக்கைபோல
எனக்கே கேட்டது.
அவன் அம்மா நன்றி சொன்னாள்.

அவள் இங்கேதான் இருக்கிறாள்,
நாலு வரிசை முன்னால், பச்சைக் கம்பளித் தொப்பி.
பீடத்திலிருந்து பார்த்தால் முகம் தெரிந்திருக்கும்.
இங்கிருந்து பிடரிதான்;
சங்கிலியின் கொக்கி சரியாக மாட்டவில்லை.
பாட்டு வந்தபோது எழுந்தாள். பாடவில்லை.
புத்தகத்தை மட்டும்
சரியான பக்கத்தில் விரித்துப் பிடித்திருந்தாள்.
அப்படியும் நிற்கலாம் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
நானும் யாருக்கும்.

பிரசங்கம். கழுத்தை நீட்டினேன். தூண்.
மறுபக்கம் சாய்ந்தேன். தூண்.
"இங்கிருந்து ஒன்றும் தெரியவில்லையே!"
"தெரியாது."
"முப்பத்தொரு வருஷமும் இங்கேயா?"
சத்தமில்லாமல் ஒரு மிட்டாயைப் பிரித்தார்;
அதில் கைதேர்ந்தவர்.
"நீ எங்கே தடுமாறுவாயோ என்று
பார்த்தால் வயிறு கலங்கும்.
கேட்க மட்டும் முடிந்தது."
பாதி மிட்டாய் எனக்கு. இஞ்சி.

ஆசீர்வாதம்.
ஓனா கைகளை உயர்த்தியிருக்க வேண்டும்.
என் வலக்கையும் எழுந்தது இடுப்புவரை,
தடம் பழகிய மாடுபோல.
தௌனோ அதைப் பிடித்துத்
தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
உள்ளே மிட்டாய்த் தாள்கள், ஒரு சாவி,
நாலாய் மடித்த போன வருஷத்து ஆராதனைத் தாள்.
ஆமென் என்றேன்,
எல்லோருக்கும் சற்றுப் பிந்தி.

வெளியே அதே இருட்டு.
உடைந்த படியைக் காட்டினேன்.
"அது இருபது வருஷமாக அப்படித்தான்"
என்றார் தௌனோ,
தாண்டி வைத்தபடி காலை.