இரண்டு மைக்ரான்

குறிச்சி சிட்கோவில் எங்கள் பட்டறைக்கு மேலே
காலை ஏழே காலுக்கு ஒரு விமானம் தாழப் போகும்.
வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம்
நிமிர்ந்து பார்த்ததில்லை.

நாங்கள் செய்வது ஒரு பின்.
சுண்டுவிரல் நீளம்.
சக்கரம் மடங்குகிற இடத்தில் போய் உட்காரும்.
அப்புறம் அதை யாரும் பார்ப்பதில்லை.
பார்க்க நேர்ந்தால் அது நல்ல சேதி இல்லை.

அளவு அறையில் நான்.
வெளியே ஆடிக்காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கும்,
உள்ளே என்றைக்கும் இருபது டிகிரி.
ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
மதிய வெயிலில் சாப்பிடப் போகிறவள் என்று
லேத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை ஜெகதீசன் வந்து நின்றான்.
"அக்கா, வெள்ளிக்கெழம நைட் சிப்ட்டுல
மாஸ்டர் கேஜு கைநழுவி வுழுந்துருச்சுங்.
தொடச்சு வெச்சுட்டனுங்."
கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.
மெஷின் சொன்னது: இரண்டு மைக்ரான்.

ஒரு தலைமுடியை முப்பத்தைந்தாக வகிர்ந்தால்
அதில் ஒன்று.

வெள்ளியிலிருந்து திங்கள் வரை
நானூற்றுப் பன்னிரண்டு பின் போயிருந்தது.

முதலாளி சென்னியப்பன் கணக்குப் போட்டார்,
வாய்க்குள்ளேயே, ரொம்ப நேரம்.
அட்வான்ஸ், லாரி வாடகை, பேங்க் வட்டி.
"சொல்லாம வுட்டா யாருக்குங் தெரியும்?" என்றார்.
யாரிடம் கேட்டார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.
கொஞ்சம் கழித்து அவரே
"பாரத்த எடு" என்றார்.

அரசாங்கப் பாரம். மூன்று பக்கம்.
யார் செய்தது என்கிற கட்டத்தைத் தேடினேன்,
ஜெகதீசன் பெயரை எழுதாமல் இருக்க
ஒரு வழி யோசித்துக்கொண்டே.
அந்தக் கட்டமே இல்லை.
என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது,
இவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

விமானத் துறையிலிருந்து தேவசகாயம் வந்தார்.
ரயிலில். கம்பெனி கார் வேண்டாம் என்றுவிட்டார்.
பொரிகடலையும் டீயும் மட்டும் மறுக்கவில்லை.
ஜெகதீசனை உட்காரச் சொல்லி
விழுந்த இடம், விழுந்த உயரம் கேட்டார்.
பையன் கை நடுங்கியது,
அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

சாயங்காலம் அவர் சொன்னதுதான்
யாரும் எதிர்பார்க்காதது.
"கேஜ் கீழே விழுந்தால் என்ன செய்யணும்னு
எங்க விதியில ஒரு வரி கூட இல்ல.
அது உங்க தப்பு இல்ல, எங்களது."
அதையும் அதே பாரத்தில் எழுதினார்,
தன் கையெழுத்தில், எங்கள் பட்டறை மேசையில்.

நானூற்று ஒன்பது பின் திரும்பி வந்தது.
மூன்று மட்டும் எங்கோ பறந்துகொண்டிருந்தது.
அந்த மூன்று ராத்திரி
சென்னியப்பன் வீட்டுக்குப் போகவில்லை.
கேட் பக்கம் நாற்காலி போட்டு
வானத்தைப் பார்த்தபடி இருந்தாராம், வாட்ச்மேன் சொன்னார்.

நாலாம் நாள் அந்த விமானத்தை நிறுத்திக் கழற்றினார்கள்.
மூன்று பின்னும் அளவுக்குள்தான் இருந்தது.
சரியாகவே இருந்தது.
யாரும் சிரிக்கவில்லை,
நஷ்டத்தைப் பற்றியும் பேசவில்லை.

புது விதி ஒரு பக்கம்தான்.
அதைப் பேர் ஊர் இல்லாமல்
இதே வேலை செய்யும் பதினோரு பட்டறைக்கும் அனுப்பினார்கள்.
அதுதான் முதலாளிக்கு ஆறவில்லை.
"காசு குடுத்துப் படிச்சது நானு,
பாடம் அவிங்களுக்குச் சும்மாவா?"

இரண்டு வாரம் கழித்து அரசூரிலிருந்து ஒரு போன்.
போன வருஷம் எங்கள் ஆர்டரைத்
தட்டிக்கொண்டு போனவர்.
ஸ்பீக்கரில் போட்டார் முதலாளி.
அந்தப் பக்கம் லேத் சத்தம், அப்புறம் இருமல்.
"ஏனுங், அந்தக் கடுதாசி பாத்தனுங்.
நம்ம கேஜும் ஒருக்கா வுழுந்திருக்குதுங், மார்ச் மாசம்.
அந்தப் பாரம் எங்கீங் கெடைக்கும்?"

சென்னியப்பன் என்னைப் பார்த்தார்.
டிராயரைத் திறந்து
மடங்கிக் கிடந்த பாரத்தின் நகலை எடுத்து
மேசையில் வைத்து, உள்ளங்கையால்
நீவிக்கொண்டே இருந்தார்.