கழிவு

கொட்டகலையில் ஏறி உட்கார்ந்து
சிங்கமலைச் சுரங்கத்து இருட்டில்
முதுகுப்புறம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு வடு.
அந்த வழியாகத்தான் உள்ளே போய்
கல்லை உடைத்து வெளியே எடுத்தார்கள்.
போத்தலில் போட்டுத் தந்தார்கள், பழுப்புப் பழுப்பாய்.
சின்னவன் குலுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்று மாதம் போகட்டும்,
கல் இருந்த இடம் எப்படி இருக்கிறதென்று பார்க்கலாம்
என்றிருந்தார்கள்.
கண்டியில் ஊசி போட்டு, நெடுநேரம் காக்கவைத்து,
பலகையில் அசையாமல் கிடக்கச் சொன்னார்கள்.
அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

திரையில் இரண்டு தணல்.
விடியப்புறம் லயத்து அடுப்பில் மிஞ்சுமே, அப்படி.
இடது தணலின் கீழ்முனையில்
ஒரு பொட்டு மட்டும் வெளிறிக் கிடந்தது.
"ஓட்டை போட்ட இடம். அது அப்படியே இருக்கும்.
மற்றதெல்லாம் வேலை செய்யுது.
முந்தி நூற்றுக்கு முப்பத்தெட்டு, இப்ப நாற்பத்தொன்று"
என்றார் டாக்டர் விமலசூரிய, தமிழைத் தேடித் தேடி.

எனக்குத் தராசு ஞாபகம் வந்தது.
பதினெட்டுக் கிலோ என்றால் பேர்.
குறைந்தால் அரைப் பேர்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு என்று
நிறுக்கும்போதே கழித்துவிடுவார்கள்.
இங்கே கல்லுக்கும் கருவிக்கும் கழித்த பிறகு
மூன்று கூட நிற்கிறது!
"இது முழுப் பேரா, அரைப் பேரா?"
டாக்டருக்கு விளங்கவில்லை.
தாதி சிரித்துவிட்டாள்; பொகவந்தலாவைப் பிள்ளை.

"தண்ணி மூன்று லீட்டர். குடிக்காட்டி மறுபடி வரும்."
ஏன் குடிக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை,
ஏழாம் நம்பர் மலையில் மறைவு கிடையாது என்று,
தேயிலை இடுப்பளவுதான், லயத்துக்கு இறங்கி ஏற
அரை மணி நேரம் என்று,
இருபது வருஷமாய்
காலைத் தேத்தண்ணியோடு வாயைக் கட்டிக்கொண்டேன் என்று.

திரும்பும்போது மறுபடி சுரங்கம்.
குடைந்த பிறகும் மலை நிற்கிறது.
உள்சுவரில் நீர் கசிகிறது,
மேலே யாரோ கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

திங்கட்கிழமை, பதினொரு மணி.
போத்தல் காலி.
கூடையை இறக்கி வைத்துவிட்டு
நிரையை விட்டு இறங்கினேன்.
"எங்க போற, தவமணி?"
கணக்கப்பிள்ளை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"அரை மணி நேரம்.
கழிச்சுக்குங்க."