இருபத்தோராம் பாத்தி

சதுர மீட்டருக்கு நூறு விதை.
நூற்றைம்பது. இருநூறு. இருநூற்றைம்பது.
செப்டம்பரில் ஒரு முறை,
பனி வடிந்து சேறு இறுகிய மே மாதத்தில் மறுமுறை.
நான்கு தொகுதி, முப்பத்திரண்டு பாத்தி.
எர்சுரூம் சமவெளிக் காற்று
கயிற்றைப் பிடுங்கப் பிடுங்க
நானும் எகேமெனும் முளைக்குச்சி அடித்தோம்.

ஃபீ என்று பெயர் இங்கே, இந்தப் பயற்றங்கொடிக்கு.
யாரும் இதைச் சமைப்பதில்லை.
களஞ்சியம் நிறைக்க வந்த பயிரல்ல;
போர் உயர வேண்டும்,
ஆறு மாதம் தொழுவத்தை விட்டு
வெளிவராத வாய்களுக்கு.

செப்டம்பரில் விதைத்தது
விரல் நீளம் வளர்ந்து
பனிக்கு அடியில் போயிற்று.
ஐந்து மாதம்
அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம்
மேலே நரி நடந்த தடம்.

ஏப்ரலில் மண்டியிட்டு
மரச்சட்டத்துக்குள் எண்ணினேன்.
இருநூறில் நூற்று இருபத்தாறு.
செத்தவை கறுத்த நூலாய்க் கிடந்தன.
அந்த இடத்தின் மேல் பக்கத்துச் செடி
அதற்குள் கை போட்டிருந்தது.
நூறு விதைத்த பாத்தியில்
கை நீட்டியும் எட்டவில்லை;
நடுவே காட்டுக்கடுகு வந்து
மஞ்சள் பூவோடு உட்கார்ந்துகொண்டது.

இருநூற்றைம்பது, ஜூன் மாதம்,
முழங்காலைத் தாண்டிய பச்சை.
இயக்குநர் வரப்பில் நின்றபடியே தலையாட்டினார்.
நான் கையை உள்ளே விட்டேன்.
அடியில் வெளிச்சம் இல்லை.
இலைகள் வெளிறி, வழவழத்து,
ஒரே மழைக்கு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து
நனைந்த கம்பளியின் வீச்சம்.

மே மாதத்து விதைக்குக் கணக்கு வேறு.
கிளை விட அதற்குப் பொழுதில்லை,
வெயில் முந்திக்கொள்ளும்.
தோளோடு தோள் நெருங்கினால்தான் ஏதாவது தேறும்.
அப்படியும்
கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே.

அறுப்புக்கு மூன்று நாள் இருக்கையில்
துர்சுனின் செம்மறிகள்
மூன்றாம் தொகுதிக்குள் புகுந்துவிட்டன.
கம்பியை அவிழ்த்தது காற்று என்றான்.
ஏழு பாத்திகளில் வெறும் குளம்படி, இங்கொரு கடி அங்கொரு கடி.
இருபத்தொன்றை மட்டும்
தரையோடு வழித்திருந்தன.
செப்டம்பர். இருநூறு.

"எடைதானே வேண்டும்?" என்றான்.
"ஆடுகளைத் தராசில் ஏற்று,
எல்லாம் உள்ளேதான் இருக்கிறது."
எகேமென் சிரித்துவிட்டான்.
அவனோடு இரண்டு நாள் நான் பேசவில்லை.

கணினியில் அந்தக் கட்டத்துக்கு
ஒரு புள்ளி வைக்க வேண்டும்.
பூஜ்ஜியம் கூடாது,
பூஜ்ஜியம் என்றால் விளையவில்லை என்றாகிவிடும்.
விளைந்தது. நான் பார்த்தேன்.
ஒரு புள்ளி வைத்தேன்.

மற்றவை உலர்கலத்தில் மூன்று நாள் வெந்து
தாழ்வாரமெங்கும் வைக்கோல் வாசம்.
எஞ்சிய மூன்று தொகுதிகளின் எடை சொன்னது:
செப்டம்பரில் இருநூறுக்கு மேல் போடும் விதை
அநேகமாக மண்ணுக்குக் கொடுத்த லஞ்சம்.

துர்சுன் வேலியைக் கட்ட வந்தான்,
கேட்காமலே, சொந்தக் கம்பியோடு.
"நூற்றைம்பதுக்கும் இருநூறுக்கும்
என் நிலத்துக்கு எவ்வளவு கூடும்?"
சிகரெட் பெட்டியின் முதுகில் போட்டுப் பார்த்தேன்.
பன்னிரண்டு தூனும். இருபத்தொரு கிலோ.
அவன் ஆடுகளைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான்,
பிறகு பலாந்தோக்கன் மலைப் பக்கம்
மேகமற்ற வானத்தை.

"செப்டம்பரில் மழை வராவிட்டால்?"

அதற்கு என்னிடம்
பாத்தி இல்லை.