வினா ஐம்பத்தெட்டு

மூன்றாவது ஆண்டாக அதே வாசல்.
சைக்கிளை எங்கே சாய்ப்பதென்று
எனெலேசி சொல்வதற்குள் சாய்த்துவிட்டேன்.

ஃபலோம்பேயில் பிப்ரவரி.
மக்காச்சோளம் ஆளுயரம், கதிரில் இன்னும் பால் பிடிக்கவில்லை.
பச்சையைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கும் மாதம்.

சாலைக்கு அந்தப் பக்கம் நமிசோலே.
இந்தப் பக்கம் இவள் ஊர்.
நடுவே லாரி போகும் செம்மண் தடம், அகலம் இருபதடி.
தொப்பிக்குள் குலுக்கிய சீட்டில்
அந்த ஊருக்குப் பணம் விழுந்தது,
மாதாமாதம், கைப்பேசிக்கே வந்துவிடும்.
இந்த ஊருக்கு நான் விழுந்தேன்.

ஒப்பீட்டுக் குழு என்கிறது கையேடு.
அதைச் சிச்சேவாவில் எப்படிச் சொல்வதென்று
பயிற்சிக் கூடத்தில் அரை நாள் மல்லுக்கட்டினோம்.
கடைசியில் ‘பிறகு பெறுபவர்கள்’ என்று வைத்தோம்.
பிறகென்றால் எப்போது என்று ஒருத்தி கேட்டாள்.
தேநீர் வந்துவிட்டது.

கடந்த ஏழு நாளில் இறைச்சி?
இல்லை.
முட்டை?
இல்லை.
இல்லை எனில் முப்பத்தொன்றுக்குச் செல்க.

இல்லைகள் நிறைந்த வீட்டில் வேலை சுருக்க முடியும்.
ஆம் என்பவர்களுக்குத்தான் துணைக்கேள்விகள்:
எவ்வளவு, என்ன விலை, யார் கைக்காசு.
இவளிடம் நாற்பது நிமிடம்.
நமிசோலேயில் இப்போதெல்லாம் ஒன்றே முக்கால் மணி நேரம்.
என்னைக் கேட்டால் அதுவே ஆய்வு முடிவு.
என்னை யாரும் கேட்பதில்லை,
நான் கேட்பவன்.

கருவாடு?
கேட்டுவிட்டு அவள் கையைப் பார்க்கிறேன்.
பொடிமீன் வாசனை விரலில் இருக்கிறது.
‘தண்ணீரில் ஒருமுறை அலசி எடுத்தேன்,
மீனை நாளைக்கும் வைத்திருக்கிறேன்.
இது ஒரு நாளா, இரண்டு நாளா?’
கட்டத்தில் முழு எண் மட்டுமே ஏறும்.

வினா ஐம்பத்தெட்டு: ஆடு, மாடு, கோழி.
‘ஒன்றும் இல்லை’ என்கிறாள்.
வீட்டுக்குப் பின்னால்
தெளிவாக, இரண்டு முறை,
மே என்றது ஒன்று.

நாங்கள் இருவரும் மலையைப் பார்த்தோம்.
முலாஞ்சேயில் மேகம் இறங்கியிருந்தது.

எனக்குத் தெரியும்.
தங்கை மெர்சினா நமிசோலேயில் வாழ்க்கைப்பட்டவள்.
முதல் வருடப் பணத்தில் பெட்டை ஆடு வாங்கினாள்.
அது ஈன்ற குட்டி ஓர் இரவில் சாலையைக் கடந்தது.
இதற்கும் கையேட்டில் சொல் உண்டு:
கலப்படம்.
அக்காளுக்குத் தங்கை கொடுத்தால்
ஒப்பிட ஆள் குறைந்துபோகும்.

எனெலேசிக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது.
ஆடு உள்ள வீட்டைப் ‘பிறகு’ப் பட்டியலில்
அடித்துவிடுவார்கள் என்று கிணற்றடியில் பேச்சு.
அது பொய் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பொய்தானா என்று எனக்கே தெரியவில்லை.

‘ஒன்று சொல்லேன்’ என்றாள்.
‘அவர்கள் மேலே போனார்களா என்று அளக்க
நாங்கள் இங்கேயே நிற்க வேண்டுமாக்கும்?
எவ்வளவு நாள் அசையாமல் நிற்பது?
கால் மரத்துப்போகாதா?’

இந்த வினா என் கருவியில் இல்லை.
நேரத்துக்கு நன்றி என்று நீலச் சோப்பை நீட்டினேன்.
முகர்ந்து பார்த்து, போன வருடத்தது நல்ல வாசனை என்றாள்.

ஐம்பத்தெட்டில் பூஜ்யம் போட்டேன்.
கடைசிப் பக்கத்தில் ‘பிற, குறிப்பிடுக’ என்ற இடத்தில்
ஆடு கத்தியது என்று எழுதினேன்.
ஏன் எழுதினேன் என்று
சைக்கிள் மிதித்த பதினாறு கிலோமீட்டரும் யோசித்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையகத்திலிருந்து கேட்டார்கள்:
எத்தனை முறை? எந்த அலகில்?
இன்னும் பதில் போடவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
சாலை சேறாகி, எது எந்தப் பக்கம் என்று
சக்கரத்துக்குத் தெரியவில்லை.