சுரண்டிய இடம்

உன் வீட்டுக்கு வந்த முதல் வாரமே தெரிந்துபோயிற்று,
இங்கே இருப்பது நாம் இரண்டு பேர் அல்ல.
அலமாரி மேல் நான்கு செருப்புப் பெட்டிகள்.
ஒன்றில் துறைமுக மருத்துவரின் இரண்டாம் தாரம் ஆர்தெமிசியா.
ஒன்றில் லேஸ் பின்னி விற்ற ஸ்லாவிட்சா.
மடத்தில் சேர்ந்து பாதியில் வெளியே வந்த பெனெதெத்தா.
நான்காவதை நீ தயங்கித் தயங்கித் திறந்தாய்:
கயிறு திரித்த பையன் துலியோ.

இவர்களில் ஒருவருக்காகத்தான்
போஷ்த்யான் ரெபெட்ஸ் நாற்பத்தொரு கவிதை எழுதினான்,
எழுதிய பின் இருமிச் செத்தான்.
இசோலாவில் இன்று அவளுக்கு ஒரு பெஞ்சு உண்டு.
அவளுடைய இல்லாத பெயரில் ஒரு சாக்லேட் உண்டு.
கோடை வந்தால் மூன்று ஜன்னல்களைக் காட்டி
மூன்றும் அவளுடையதே என்று சத்தியம் செய்யும் வழிகாட்டி உண்டு.
உனக்கு அது போதவில்லை.

பத்தொன்பது வருஷம்.
ஞானஸ்நானப் பதிவேடு, உப்புக் கிடங்குக் கணக்கு,
சலவைக்காரி எழுதிவைத்த பாக்கி.
சூப் ஆறும். நீ ஸ்லாவிட்சாவின் வயதைக் கூட்டிக்கொண்டிருப்பாய்.
தூக்கத்தில் ஒரு பெயர் சொல்வாய்,
மறுநாள் வேறு பெயர்.
ஒருத்தி என்றால் பொறாமைப்படலாம்.
நாலு பேரோடு, அதிலும் ஒருவன் மீசை முளைக்காதவன்,
எந்தப் பெண் சண்டைக்குப் போவாள்?

எனக்குத் தெரிந்தது பல்.
கோப்பரில் ஒரு கூடத்தில் உட்கார்ந்து
முகம் பார்க்காதவர்களுக்குப் பல் செய்கிறேன்.
அச்சு வரும், கடித்த மெழுகு வரும், ஆள் வருவதில்லை.
தப்பித்தவறி வந்த ஒரு கப்பல்காரர்
உன் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.
பெயர் சொல்லிவிட்டால் அது அகத்துக்கு வெளியே போய்விடும் என்று
அவருடைய மொழியில் இலக்கணமே இருக்கிறதாம்.
உன்னிடம் சொன்னேன். குறித்துக்கொண்டாய்.
எந்தப் பெட்டியில் போட்டாய் என்று தெரியாது.

ஒன்பதாம் கவிதையின் நாலாம் வரியில்
ஒரு சொல்லைக் கத்தியால் சுரண்டியிருக்கிறது.
பயறு அளவு ஓட்டை.
விளக்கில் பிடித்தால் விளக்குதான் தெரியும்.
"அவன்தான் அழித்தான், அவள் மானம் காக்க" என்பாய்.
நான் நினைப்பது வேறு.
அவளே கேட்டு வாங்கியிருப்பாள், அடுப்படிக் கத்தியோடு வந்து.
தன் பெயரைத் திருப்பி எடுத்துக்கொண்டு
கவிதையை அவனுக்கே விட்டிருப்பாள்.

மார்ச்சில், போரா காற்று கூரை ஓடுகளைப் பெயர்த்த வாரம்,
லியுப்லியானாவிலிருந்து உறை வந்தது.
ஓட்டையின் விளிம்பை ஏதோ ஒளியில் படித்திருக்கிறார்கள்.
எட்டு நாள் அது உப்புக் கிண்ணத்தின் அடியில் கிடந்தது.
நீ அதைச் சுற்றிச் சாப்பிட்டாய்.
ஒன்பதாம் நாள் "நீ படி" என்றாய்,
சுவரைப் பார்த்துக்கொண்டு.

படித்தேன்.
கடைசி எழுத்து மட்டும் பிழைத்திருக்கிறது: ஒரு 'ஆ'.
முன்னால் ஒரு வளைவு,
எழுத்தாகவும் இருக்கலாம், பேனா கசிந்ததாகவும் இருக்கலாம்.

இந்தக் கரையில் 'ஆ'வில் முடியாத பெண் பெயர் ஏது?
ஆர்தெமிசியா, ஸ்லாவிட்சா, பெனெதெத்தா,
மீன்காரி, மேயரின் அத்தை,
துறையில் கட்டிக்கிடக்கும் படகுகளில் பாதி,
நான்.
துலியோ மட்டும் வெளியேறினான்.
பாவம், நான் ரகசியமாக அவன் கட்சி.

நீ சிரித்தாய். பிறகு நெடுநேரம் சிரிக்கவில்லை.
நாலாவது பெட்டியைக் கவிழ்த்துக் காலியாக்கி
அதில் என்ன வைப்பது என்று தெரியாமல்
மடியில் வைத்திருந்தாய்.

பதினேழாம் கவிதை உனக்கு மனப்பாடம்.
சிரிக்கையில் அவளுக்கு ஒரு பல் நுனி உடைந்து தெரியும்,
அந்த இடுக்கில் 'ஸ' சீழ்க்கையாகும்.
அதற்காக மூன்று கல்லறைகளைத் திறக்கச் சொல்லி
மனு போட்டவன் நீ.

விளக்கை அணைக்கப்போனபோது கேட்டாய்,
யாரோ புதியவரிடம் கேட்பதுபோல:
"உனக்கும் ஒரு பல் உடைந்திருக்கும், இல்லையா?
எந்தப் பக்கம்?"

உதட்டை மூடிக்கொண்டேன்.